கோப்பை கிடைக்காத சீசனை ரசிகர்கள் ஏன் மறப்பதில்லை?

ஒரு கால்பந்து அணியை நீண்ட காலமாகப் பின்தொடர்ந்து வரும் ரசிகரிடம், உங்கள் மனத்துக்கு மிகவும் நெருக்கமான சீசன் எது என்று கேட்டால், அணி கோப்பையை வென்ற ஆண்டைத்தான் சொல்வார் என்று நாம் எதிர்பார்ப்போம். பல நேரங்களில் அப்படி நடப்பதில்லை. இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள நியூகாசில் யுனைடெட் அணியின் நடுத்தர வயது ரசிகர்களில் பலர் 1995–96 சீசனையே சொல்வார்கள். அந்த ஆண்டு அணிக்கு எந்தக் கோப்பையும் கிடைக்கவில்லை. ஜனவரி மாதத்தில் 12 புள்ளிகள் முன்னிலையில் இருந்த அணி, மே மாதத்தில் 4 புள்ளிகள் பின்தங்கி இரண்டாம் இடத்தில் முடித்தது. இத்தனைக்குப் பிறகும் அந்தச் சீசனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவர்கள் முகம் மலர்ந்துவிடுகிறது.

கடந்துபோன ஒரு காலத்தை எண்ணும்போது இன்பமும் இழப்புணர்வும் ஒருசேர எழுகின்ற மனநிலையை நினைவேக்கம் என்கிறோம். விளையாட்டு ரசிகர்களிடம் அது ஒரு தனி வடிவம் எடுக்கிறது. அந்த வடிவம் எப்படி உருவாகிறது, எதைப் பிடித்துக்கொள்கிறது, எதை நழுவவிடுகிறது என்பதைக் கால்பந்தை அதிகம் அறியாதவர்களும் புரிந்துகொள்ளும் வகையில் இக்கட்டுரை விளக்க முயல்கிறது. நியூகாசிலின் அந்தச் சீசனை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், வெற்றியின் பளபளப்பு இல்லாத இடத்தில்தான் ரசிகரின் நினைவு எப்படி இயங்குகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது என்பதே.

சீசன் என்னும் கால அளவு

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் போட்டி ஆகஸ்ட் மாதம் தொடங்கி மே மாதம் முடிகிறது. 20 அணிகளில் ஒவ்வொன்றும் மற்ற 19 அணிகளைச் சொந்த மைதானத்தில் ஒரு முறையும் எதிரணியின் மைதானத்தில் ஒரு முறையும் சந்திக்கும் என்பதால், ஒவ்வோர் அணிக்கும் 38 ஆட்டங்கள் கிடைக்கின்றன. வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1 புள்ளி. இறுதிப் போட்டி என்று தனியாக எதுவும் கிடையாது. 38 ஆட்டங்களின் முடிவில் அதிகப் புள்ளிகள் வைத்திருக்கும் அணியே சாம்பியன். லீகில் இருந்த 22 அணிகள் 20 ஆகக் குறைக்கப்பட்ட முதல் சீசனும் 1995–96 தான்.

இந்த அமைப்பை முதலில் விளக்குவதற்குக் காரணம் உண்டு. ஓர் உலகக் கோப்பைத் தொடர் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். லீக் சீசனோ ஒன்பது மாதங்கள் ரசிகரின் அன்றாட வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்து செல்கிறது. பள்ளித் தேர்வு, வேலை மாற்றம், வீட்டில் ஒரு பிறப்பு, ஓர் இறப்பு என எல்லாவற்றுக்கும் நடுவே வார இறுதியில் ஓர் ஆட்டம் வந்து நிற்கிறது. அதனால் பிற்காலத்தில் ஒருவர் ஒரு சீசனை நினைவுகூரும்போது, அந்த ஒன்பது மாதங்களில் தாம் யாராக இருந்தார், யாரோடு இருந்தார் என்பதும் கூடவே வந்துவிடுகிறது. மேலும், அடுத்த கோடையில் சில வீரர்கள் போய்விடுவார்கள், சிலர் வருவார்கள். அதே பதினொருவர் அதே மனநிலையில் மீண்டும் ஒன்றுகூடுவது அரிது. ஒவ்வொரு சீசனுக்கும் தனக்கே உரிய ஒரு முகம் அமைந்துவிடுவது இதனால்தான்.

1995–96: நடந்தது என்ன?

நியூகாசில் கடைசியாக லீக் பட்டத்தை வென்றது 1926–27 சீசனில். லீகிலிருந்து தனியாக, தோற்ற அணி வெளியேறும் முறையில் நடக்கும் எஃப்.ஏ. கோப்பையைக் கடைசியாக வென்றது 1955இல். 1992 பிப்ரவரியில் கெவின் கீகன் மேலாளராகப் பொறுப்பேற்றபோது, அணி இரண்டாம் நிலைப் பிரிவின் அடித்தட்டில் தத்தளித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நிலைக்கு இறங்கிவிடும் அபாயம் கண்முன்னே இருந்தது. அதிலிருந்து தப்பி, மறு ஆண்டே அந்தப் பிரிவின் சாம்பியனாகி, 1993இல் பிரீமியர் லீகில் நுழைந்து, முதல் சீசனிலேயே மூன்றாம் இடம் பிடித்தது. அதாவது, 1995–96இல் பட்டத்துக்குப் போட்டியிட்ட அணியைப் பார்த்த ரசிகர்களில் பெரும்பாலோர், நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த அணி இருந்த நிலையையும் பார்த்தவர்கள். இந்த ஏற்றத்தை விட்டுவிட்டு அவர்களின் நினைவேக்கத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

இடையில் ஒரு சோதனையும் வந்தது. 1995 ஜனவரியில், கோல் மழை பொழிந்துகொண்டிருந்த ஆண்டி கோலை மான்செஸ்டர் யுனைடெடுக்குக் கீகன் விற்றுவிட்டார். கொதித்துப்போய் மைதானத்தின் முன் கூடிய ரசிகர்களை எதிர்கொள்ள அவரே நேரில் படிக்கட்டில் வந்து நின்று, தாம் ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்கினார். மேலாளர் ஒருவர் ரசிகர்களின் கேள்விக்கு முகத்துக்கு நேராகப் பதில் சொன்ன அந்தக் காட்சி, அடுத்து வந்த சீசனின் முன்னுரையாகவே இன்றும் சொல்லப்படுகிறது. அந்தக் கோடையில் லெஸ் ஃபெர்டினண்ட், டேவிட் ஜினோலா, வாரன் பார்ட்டன், ஷாகா ஹிஸ்லாப் ஆகியோர் வந்து சேர்ந்தனர். ஃபெர்டினண்ட் அந்தச் சீசனில் லீகில் மட்டும் 25 கோல்கள் அடித்தார்; சக வீரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

ஜனவரியில் 12 புள்ளிகள் முன்னிலை. பிப்ரவரியில் கொலம்பியாவின் ஃபௌஸ்டினோ அஸ்பிரில்லா, இத்தாலியின் பார்மா அணியிலிருந்து வந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்த நியூகாசிலில் பெரிய உரோம மேலங்கி அணிந்து அவர் வந்திறங்கிய புகைப்படம், அந்தச் சீசனைப் பற்றிய பேச்சு எழும் இடத்திலெல்லாம் தவறாமல் தலைகாட்டுகிறது. அவருடைய முதல் ஆட்டத்தில், மிடில்ஸ்பரோவுக்கு எதிராக 1–0 என்று பின்தங்கியிருந்த நிலையில் மாற்று வீரராகக் களமிறங்கி, தடுப்பாட்டக்காரரை ஏமாற்றித் திரும்பி அவர் அனுப்பிய பந்தை ஸ்டீவ் வாட்சன் தலையால் முட்டிக் கோலாக்கினார். நியூகாசில் 2–1 என்று வென்றது.

பிறகு சரிவு தொடங்கியது. பிப்ரவரி 21 முதல் ஏப்ரல் 8 வரை நடந்த 8 லீக் ஆட்டங்களில் 5 தோல்விகள், 1 சமநிலை, 2 வெற்றிகள். சீசன் முழுவதற்கும் அணி சந்தித்த தோல்விகளே 8 தான். அவற்றில் 5 இந்த ஏழு வாரங்களுக்குள் வந்து குவிந்தன. மார்ச் 4ஆம் தேதி, தங்களைத் துரத்திக்கொண்டிருந்த மான்செஸ்டர் யுனைடெடை செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தில் நியூகாசில் சந்தித்தது. அதுவரை அந்தச் சீசனில் சொந்த மைதானத்தில் ஒரு லீக் ஆட்டத்தில்கூட அது புள்ளியை இழக்கவில்லை. முதல் பாதி முழுவதும் நியூகாசிலின் தாக்குதல்தான். ஃபெர்டினண்டின் முயற்சிகளை எதிரணிக் கோல்காப்பாளர் பீட்டர் ஷ்மைக்கேல் தடுத்தார், நியூகாசிலின் பிலிப் ஆல்பர்ட் அடித்த ஃப்ரீ கிக் குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில், இடப்புறமிருந்து மான்செஸ்டர் யுனைடெடின் ஃபில் நெவில் அனுப்பிய பந்தை அவருடைய சக வீரர் எரிக் கன்டோனா தரையில் பட விடாமலே உதைத்து வலைக்குள் சேர்த்தார். ஆட்டம் 1–0 என்று முடிந்தது.

ஏப்ரல் 3ஆம் தேதி லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் நடந்த ஆட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டாம் நிமிடத்திலேயே ராபி ஃபௌலர் லிவர்பூலுக்குக் கோல் அடித்தார். பதினைந்து நிமிடங்கள் ஆவதற்குள் ஃபெர்டினண்டும் ஜினோலாவும் அடித்து நியூகாசிலை முன்னே கொண்டுசென்றனர். இடைவேளைக்குப் பிறகு ஃபௌலர் சமன் செய்ய, இரண்டே நிமிடங்களில் அஸ்பிரில்லா மீண்டும் நியூகாசிலை முன்னிலைப்படுத்தினார். 68ஆம் நிமிடத்தில் ஸ்டான் காலிமோர் 3–3 ஆக்கினார். தடங்கல்களுக்கு ஈடாக 90 நிமிடங்களுக்கு மேல் சேர்க்கப்பட்ட நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது, லிவர்பூலின் ஜான் பார்ன்ஸும் இயன் ரஷ்ஷும் பெனால்டி எல்லையின் விளிம்பில் பந்தைக் குறுகிய இடத்துக்குள் மாறிமாறிக் கொடுத்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். நியூகாசிலின் தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரும் அவர்களை நோக்கி இழுக்கப்பட்டுவிட, இடப்புறத்தில் யாரும் கவனிக்காமல் நின்ற காலிமோருக்குப் பார்ன்ஸ் பந்தைத் தள்ளிவிட்டார். கோல்காப்பாளர் பாவெல் ஸ்ர்னிசெக்கைத் தாண்டிப் பந்து வலைக்குள் போனது. விளம்பரப் பலகையின் மீது தலை கவிழ்ந்து சரிந்த கீகனைத் தொலைக்காட்சிக் கேமரா காட்டியது. லீகின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த ஆட்டம் என்று இதைச் சொல்பவர்கள் நிறைய உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

ஐந்து நாட்கள் கழித்து பிளாக்பர்னில், நியூகாசிலுக்கு அருகிலேயே பிறந்து வளர்ந்த கிரகம் ஃபென்டன் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்கள் அடித்துத் தோற்கடித்தார். ஏப்ரல் 29ஆம் தேதி லீட்ஸ் அணியை 1–0 என்று வென்ற பிறகு, காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு நேரலைப் பேட்டி கொடுத்த கீகன், மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனின் பேச்சால் புண்பட்டு, கேமராவை நோக்கி விரலை நீட்டி, குரல் தழுதழுக்கப் பொரிந்து தள்ளினார். மே 5ஆம் தேதி, கடைசி நாளில், நியூகாசில் டோட்டன்ஹாமுடன் 1–1 என்று சமன் செய்ய, மிடில்ஸ்பரோவில் 3–0 என்று வென்ற மான்செஸ்டர் யுனைடெட் 82 புள்ளிகளோடு பட்டத்தைப் பெற்றது. நியூகாசிலுக்கு 78 புள்ளிகள்.

நினைவு எதை எடுத்துக்கொள்கிறது?

உளவியலில் உச்சம்–முடிவு விதி என்று ஒன்று உண்டு. டேனியல் கானமனும் அவருடைய சக ஆய்வாளர்களும் முன்வைத்த இந்தக் கருத்தின்படி, ஓர் அனுபவத்தைப் பின்னால் மதிப்பிடும்போது, அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை நாம் பெரிதாகக் கணக்கில் கொள்வதில்லை; அதன் உச்சக் கணமும் இறுதிக் கணமுமே நம் மதிப்பீட்டைத் தீர்மானிக்கின்றன. இந்த விதியை அப்படியே பொருத்திப் பார்த்தால், 1995–96 நியூகாசில் ரசிகர்களுக்குக் கசப்பான நினைவாகத்தான் இருந்திருக்க வேண்டும். உச்சம் என்று சொல்லத்தக்க ஆன்ஃபீல்ட் ஆட்டமும் தோல்வி, முடிவும் தோல்வி. அப்படியிருந்தும் அது இனிக்கிறது என்றால், வேறு சில காரணங்களும் அங்கே வேலை செய்கின்றன என்று பொருள்.

முதல் காரணம், கசந்த உணர்ச்சிகள் இனித்த உணர்ச்சிகளைவிட வேகமாக மங்குகின்றன என்பது. நினைவாற்றலைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று இது. தோற்றோம் என்ற செய்தி மறந்துபோவதில்லை; அன்றிரவு தொண்டையை அடைத்த துக்கம் மட்டும் வலுவிழந்துவிடுகிறது. ஜினோலா இடது ஓரத்தில் பந்தோடு ஓடியதைப் பார்த்தபோது எழுந்த பரவசம் அவ்வளவு விரைவில் வலுவிழப்பதில்லை. சில ஆண்டுகள் கழிந்த பிறகு தராசு தானாகவே இன்பத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் வயது. மனிதர்களிடம் அவர்கள் வாழ்க்கையின் முக்கிய நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 முதல் 30 வயது வரையிலான காலத்து நிகழ்வுகளே அதிகமாக வெளிவருகின்றன. முதன்முதலாக நடப்பவை அந்த வயதில்தான் மிகுதி என்பதும், நான் யார் என்ற எண்ணம் அப்போதுதான் உறுதிப்படுகிறது என்பதும் இதற்கு ஆய்வாளர்கள் கூறும் விளக்கங்களில் அடங்கும். 1996இல் 15 வயதாக இருந்தவருக்கு இன்று நாற்பதைத் தாண்டியிருக்கும். அவர் அந்தச் சீசனுக்காக ஏங்குவது, ஓரளவுக்கு அந்தப் பதினைந்து வயதுக்காகவும்தான். இதனால் அவர் ஏக்கத்தின் மதிப்பு குறைந்துவிடுகிறது என்று நான் எண்ணவில்லை. அந்த வயதில் தம் மனத்தை முழுவதுமாக ஒப்படைக்கத் தகுதியான ஓர் அணி அவருக்குக் கிடைத்தது என்பது உண்மையிலேயே ஒரு பேறு.

மூன்றாவது காரணத்தை நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். ரசிகர் நினைவுகூர விரும்புவது முடிவை அன்று, முடிவு தெரியாமல் இருந்த நாட்களை. 1996 ஜனவரியில் ஒரு நியூகாசில் ரசிகர் காலையில் கண்விழித்தபோது, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக நடக்காத ஒன்று இந்த ஆண்டு நடக்கப்போகிறது என்ற எண்ணத்தோடுதான் விழித்தார். அந்த நம்பிக்கையோடு நடமாடிய வாரங்கள் அவர் உண்மையாகவே வாழ்ந்து கழித்த வாரங்கள். மே மாதத்தில் வந்த முடிவு அவற்றைப் பின்னோக்கிச் சென்று அழித்துவிட முடியாது. புள்ளிப் பட்டியல் கடைசி நாளை மட்டுமே பதிவு செய்கிறது. ரசிகரின் நினைவு அதற்கு முந்தைய இருநூற்றுச் சொச்சம் நாட்களையும் வைத்திருக்கிறது.

எண்களும் நினைவும் முரண்படும் இடம்

அந்த அணிக்கு 'என்டர்டெய்னர்ஸ்' (மகிழ்விப்பவர்கள்) என்ற பட்டப்பெயர் உண்டு. எல்லோரும் முன்னால் பாய்ந்து தாக்கினார்கள், கோல்களை அள்ளிக் குவித்தார்கள், தடுப்பாட்டத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, அதனாலேயே பட்டத்தை இழந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. பதிவேட்டைப் புரட்டினால் வேறொரு படம் தெரிகிறது. நியூகாசில் அந்தச் சீசனில் அடித்தவை 66 கோல்கள். மான்செஸ்டர் யுனைடெட் 73, லிவர்பூல் 70. நியூகாசில் விட்டுக்கொடுத்தவை 37 கோல்கள். சாம்பியன் விட்டுக்கொடுத்தவை 35. அதாவது, தடுப்பாட்டமே தெரியாத அணி என்று பெயர் வாங்கிய அணி, பட்டம் வென்ற அணியைவிட 2 கோல்களை மட்டுமே கூடுதலாக விட்டுக்கொடுத்தது. சாம்பியனுக்கும் அதற்கும் இடையிலான இடைவெளி, விட்டுக்கொடுத்த கோல்களில் இருந்ததைவிட அடித்த கோல்களில்தான் பெரிது.

அப்படியானால் அந்தக் கதை எங்கிருந்து வந்தது? ஆன்ஃபீல்டில் 4–3, அதற்குச் சில வாரங்களுக்கு முன் மான்செஸ்டர் சிட்டியுடன் 3–3 என்ற இரண்டு ஆட்டங்களில் மட்டும் அணி 7 கோல்களை விட்டுக்கொடுத்தது. தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டப்படுபவை அத்தகைய ஆட்டங்களே. 1–0 என்றோ 2–0 என்றோ அமைதியாக வென்ற மாலைப்பொழுதுகளை யாரும் மறுஒளிபரப்பு செய்வதில்லை. ஒரு நிகழ்வு எத்தனை முறை நடந்தது என்பதை, அதை எவ்வளவு எளிதாக நினைவுக்குக் கொண்டுவர முடிகிறது என்பதை வைத்தே மனிதர்கள் கணிக்கிறார்கள். ஆகவே இரண்டு ஆட்டங்கள் முப்பத்தெட்டுக்கும் அடையாளமாகிவிட்டன.

இன்னொரு வகைப் பிழையும் சுவையானது. 1995–96 சீசனைப் பற்றிப் பேசும்போது, ஆல்பர்ட் தொலைவிலிருந்து மெதுவாகத் தூக்கிவிட்ட பந்து ஷ்மைக்கேலின் தலைக்கு மேலே மிதந்து சென்று வலைக்குள் இறங்கியதைச் சிலர் கண்கள் விரியச் சொல்வார்கள். அது நடந்தது 1996 அக்டோபர் 20ஆம் தேதி, மான்செஸ்டர் யுனைடெடை நியூகாசில் 5–0 என்று வென்ற ஆட்டத்தில். அதாவது அடுத்த சீசனில். அன்று களத்தில் ஆலன் ஷியரர் இருந்தார்; அவரோ 1996 கோடையில்தான் உலகச் சாதனைத் தொகையான 1.5 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்டவர். நினைவு இந்த இரண்டு சீசன்களையும் ஒன்றாக்கிவிட்டது. இதை வெறும் மறதி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மார்ச் 4ஆம் தேதித் தோல்விக்கு உரிய பதில் அந்த 5–0. கதைக்குத் தேவைப்பட்ட முடிவை நினைவு ஏழு மாதங்களுக்கு மேல் தள்ளியிருந்த இடத்திலிருந்து எடுத்து வந்து சேர்த்துக்கொண்டது. நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது என்று உளவியலாளர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

நாம் என்று சொல்வது

1976இல் ராபர்ட் சியால்டினியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு, அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைக் கவனித்தது. தங்கள் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி வென்ற வாரத்தின் திங்கட்கிழமையில், பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடைகளை அணிந்து வந்த மாணவர்கள் அதிகமாக இருந்தார்கள். ஆட்டத்தின் முடிவைச் சொல்லும்போதும், வென்றிருந்தால் 'நாம் வென்றோம்' என்ற தொனியிலும், தோற்றிருந்தால் அணியைத் தங்களிடமிருந்து விலக்கியும் பேசும் போக்கு அவர்களிடம் காணப்பட்டது. பிறரது புகழில் குளிர்காய்தல் என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

இந்த அளவுகோலை வைத்து 1995–96ஐப் பாருங்கள். அந்த அணியின் ரசிகர்கள் முப்பது ஆண்டுகள் கழித்தும் 'நாம் கோட்டைவிட்டோம்' என்றுதான் சொல்கிறார்கள். தோல்வியிலும் தன்னை விலக்கிக்கொள்ளாத இந்தப் பேச்சில்தான் ஆழ்ந்த பற்று வெளிப்படுகிறது என்பது என் துணிபு. நியூகாசில் நகரில் தொழில்முறை லீகில் ஆடும் பெரிய அணி ஒன்றுதான். மைதானமும் நகரின் நடுவிலேயே நிற்கிறது. ஊரும் அணியும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பேச முடியாத அளவுக்கு இணைந்திருப்பதால், அந்த நினைவு தனி மனிதருடையதாக நின்றுவிடாமல் ஊரின் நினைவாகிறது. மனிதர்கள் தனியாக நினைவுகூர்வதைவிடத் தாம் சார்ந்த குழுக்களின் வழியாகவே நினைவுகூர்கிறார்கள் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொரீஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இலேயே வாதிட்டார். 1996க்குப் பின் பிறந்த இளைஞர்கள், தாம் பார்க்காத அந்தச் சீசனின் கோல்களை வரிசை மாறாமல் சொல்வதைக் கேட்டால் அவர் சொன்னது விளங்கும். தந்தையிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ பெற்ற நினைவு அது. பெற்றவர்களுக்கும் அது சொந்த நினைவுதான்.

குழு மாறினால் நினைவும் மாறுகிறது. அதே சீசனை ஒரு மான்செஸ்டர் யுனைடெட் ரசிகரிடம் கேளுங்கள். முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 3–1 என்று தோற்றபோது, சிறுவர்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்று தொலைக்காட்சி விமர்சகர் ஆலன் ஹான்சன் சொன்னதில் அவர் தொடங்குவார். தடைக்காலம் முடிந்து 1995 அக்டோபர் 1ஆம் தேதி கன்டோனா களம் திரும்பியதையும், அவருடைய கோல்களால் வென்ற ஆட்டங்களையும், மே 11ஆம் தேதி எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலையும், பெக்கம், ஸ்கோல்ஸ், நெவில் சகோதரர்கள் என்ற இளைஞர்களின் எழுச்சியையும் சொல்வார். நியூகாசில் அவர் கதையில் துரத்திப் பிடிக்கப்பட்ட அணி மட்டுமே. ஒரே 38 வாரங்கள்தான். ஆனால் இருவரின் கதைகளிலும் பொதுவாக வரும் காட்சிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

வென்ற சீசன்களின் நினைவேக்கமும் எப்போதும் எளிமையானதாக இருப்பதில்லை. 2015–16இல் லெஸ்டர் சிட்டி பட்டம் வென்றபோது, சீசன் தொடக்கத்தில் சூதாட்ட நிறுவனங்கள் அதற்கு 5000க்கு 1 என்ற வாய்ப்பைத்தான் கொடுத்திருந்தன. அந்த வியப்பு இன்றும் தீரவில்லை. ஆனால் 2018 அக்டோபரில் அணியின் உரிமையாளர் விச்சை ஸ்ரீவத்தனபிரபா மைதானத்துக்கு வெளியே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்த பிறகு, அந்தக் கொண்டாட்டப் படங்களில் அவர் சிரித்தபடி நிற்பதை ரசிகர்களால் முன்புபோல் பார்க்க முடியவில்லை. பின்னால் நடந்தவை முன்னால் நடந்தவற்றின் நிறத்தை மாற்றிவிடுகின்றன. மான்செஸ்டர் சிட்டியின் பழைய ரசிகர்களோ, அணி இத்தனை பட்டங்களைக் குவித்த பிறகும், 1999 மே 30ஆம் தேதி மூன்றாம் நிலைப் பிரிவின் இறுதித் தகுதியாட்டத்தில் 90 நிமிடங்களுக்கு மேல் சேர்க்கப்பட்ட நேரத்தின் கடைசிக் கணங்களில் பால் டிகாவ் அடித்த கோலைத் தனிப் பிரியத்தோடு பேசுவார்கள். ஆர்சனலுக்கு 2003–04 இருக்கிறது: 26 வெற்றி, 12 சமநிலை, தோல்வியே இல்லை. அதைப் பற்றிப் பேசுவோரின் ஏக்கத்தில் 2006இல் அணி விட்டு வந்த ஹைபரி மைதானத்துக்கும் பங்கு உண்டு.

பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய நுழைவுச்சீட்டும் ஆட்டக் கையேடும் ஆடையும் நினைவின் பற்றுக்கோல்கள் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் நியூகாசிலின் அந்த ஆண்டுச் சட்டையைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை: மடிப்பில்லாமல் கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டி, அதில் பொத்தான்கள், கறுப்பு வெள்ளைக் கோடுகளின் நடுவே உள்ளூர் மதுபானத்தின் நீல நட்சத்திரச் சின்னம். அதைத் தைத்த அடிடாஸ் நிறுவனம் 2024இல் மீண்டும் அணியின் ஆடை ஒப்பந்தத்துக்குத் திரும்பியபோது, ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சட்டைதான்.

2025 மார்ச் 16ஆம் தேதி வெம்பிளியில் லிவர்பூலை 2–1 என்று வென்று நியூகாசில் லீக் கோப்பையைக் கைப்பற்றியது; இது லீக் பட்டம் அன்று, தோற்ற அணி வெளியேறும் முறையில் நடக்கும் தனித் தொடர். 1955க்குப் பிறகு அணிக்குக் கிடைத்த முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை அது. முதல் கோலைத் தலையால் முட்டி அடித்தவர், அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த டான் பர்ன். 1995–96இன் இடத்தை இந்த வெற்றி பிடித்துக்கொள்ளுமா என்று கேட்டால், பிடிக்காது என்றே நினைக்கிறேன். அந்த இடத்துக்கு உரியவர்கள் அப்போதே வளர்ந்து முடித்தவர்கள். ஆனால் 2025இல் பத்துப் பதினைந்து வயதாக இருந்தவர்களுக்கு, முன்னர் சொன்ன அதே சலித்தெடுக்கும் வேலை இப்போதே தொடங்கிவிட்டது. பர்னின் கோல் தங்கும். அலெக்ஸாண்டர் இசக்கின் இரண்டாவது கோலும் தங்கும். அரையிறுதியில் ஆர்சனலை இரண்டு முறை 2–0 என்று வென்றது சற்று மங்கும். லீகின் சாதாரண வாரங்கள் பெரும்பாலும் கரைந்துபோகும். அவர்களில் யாராவது அந்தச் சீசனின் ஆட்டங்களையும், அன்று யாரோடு சேர்ந்து பார்த்தார்கள் என்பதையும் தேதியோடு இப்போதே எழுதி வைத்தால், முப்பது ஆண்டுகள் கழித்து நினைவு சொல்லும் கதையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அது கைகொடுக்கும்.